பில்டரின் உள்பக்கம்

கசார்வாடியிலிருந்து ஆட்டோவில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த மெஷினைக் கட்டிலோரத்து ஸ்டூலில் இறக்கியபோது, வீட்டுக்கு விருந்தாளி வந்ததுபோல இருந்தது மாடசாமிக்கு. மராத்தி ஊரான சாங்வியில் அந்தச் சின்ன வீட்டுக்கு விருந்தாளி என்று ஒருவர் வந்து வருஷம் ஒன்றாகிறது. இரண்டாயிரத்து நான்காம் வருஷத்துக் கோடை அது.

தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வரும். மனைவி வனஜா இருந்தவரை, நிற்கும்போதெல்லாம் விலாவில் முழங்கையால் ஓர் இடி. அவர் புரண்டு படுப்பார், மூச்சு வந்துவிடும். அது ஒரு வைத்தியம் என்று இருவருக்குமே தெரியாது. அவள் போன பிறகு டாக்டர் சொன்னார்: இனி மாஸ்க் மாட்டிக்கொண்டு, மெஷின் ஊதுகிற காற்றில்தான் தூங்க வேண்டும், மத்தியானத் தூக்கமானாலும் சரி. இல்லையென்றால் ஒருநாள் நின்றது நின்றதுதான். சாவுக்கு மாடசாமி பயப்படவில்லை. செத்துக் கிடப்பது யாருக்கும் தெரியாமல் போகுமே, அதற்குத்தான் பயந்தார்.

மகர்பட்டாவில் ஐ.டி. வேலையில் இருக்கும் மகள் அகல்யா, புதுசே வாங்கித் தருகிறேன் என்றாள். மலிவு என்று காதில் விழுந்துவிட்டால் மாடசாமியை யார் பிடித்து நிறுத்துவது? கசார்வாடியில் ஒர்க்‌ஷாப் நடத்திக் காலமான ஒரு மராத்திக்காரரின் மெஷின் அது. அவருடைய தங்கை பிள்ளை, மருமகன், விற்றான். மாஸ்க்கும் குழாயும் மட்டும் புதிது.

மெஷினுக்குள் காற்று நுழையும் இடத்தில் பில்டர் இல்லை. அதனால் என்ன, பழைய வேட்டியைக் கிழித்து, இரண்டாக மடித்துச் செருகினார்.

சில நாளில் துணி கறுத்துப்போயிற்று. முகர்ந்து பார்த்தார். கருக வறுத்த புகையிலை. மஷேரி என்று இங்கே பல்லில் தேய்ப்பார்களே, அதே காரல். மாடசாமி வெற்றிலைகூடப் போடாதவர்.

ஔந்த் ரோட்டில் மருத்துவ சாமான் கடை வைத்திருக்கும் ஆரோக்கியமேரியிடம் துணியைக் கொண்டுபோய்க் காட்டினார். கட்கியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"வேட்டித் துணியா அங்கிள்?"

"காப்பியே அதுலதான் வடிகட்டுதோம். காத்து வடியாதா?"

"காப்பி வயித்துக்குப் போகுது. இது நேரா நுரையீரலுக்குப் போற காத்து. துணியில நூல் பிரியும், காத்து திணறும், மெஷின் சூடாகும். இந்த மாடலுக்குன்னு வர்ற வெள்ளை பில்டரப் போடுங்க. அழுக்கானா கழுவாதீங்க, பேக் தோ, தூக்கிப் போட்டுடுங்க. புதுசு மாத்துங்க. வாசனை கீசனைன்னு எதையும் தடவிடாதீங்க."

சொன்னபடியே போட்டார். வெளியே கட்டட வேலைத் தூசி, ஜன்னலைச் சாத்தினார். படுக்கையறையைத் துடைத்தார். காலையில் பில்டரை உருவிப் பார்த்தார். பளிச்சென்ற வெள்ளை. அப்பாடா என்று திருப்பினார்.

உள்பக்கம் கரி அப்பியிருந்தது.

மறுபடி கடைக்குப் போனார். ஆரோக்கியமேரி பில்டரை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். 

"ரூம் காத்து இந்தப் பக்கமாத்தான் உள்ள போகும். அழுக்கு வெளிப்பக்கம் படியணும். இது... உள்ள இருந்து யாராவது மூச்சு விட்டாத்தான், அங்கிள்."

சொல்லிவிட்டு அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

மாடசாமி கடை வாசலில் நின்றபடியே, மெஷினை விற்ற அந்தக் கசார்வாடி மருமகனுக்குப் போன் போட்டார். அவன் முதலில் மழுப்பினான். பிறகு சொன்னான். மாமா தனியாக இருந்தவர், வாயில் எப்போதும் மஷேரி. மாஸ்க்கோடு தூக்கத்திலேயே போய்விட்டார். நாற்றம் வந்துதான் பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர்கள் கதவை உடைத்தார்கள். உள்ளே மெஷின் அப்போதும் ஊதிக்கொண்டிருந்ததாம்.

வீட்டுக்கு வந்ததும் பிளக்கைப் பிடுங்கிப் போட்டார். அகல்யாவிடம் புதுசு கேட்டுவிட வேண்டியதுதான், மானம் போனால் போகட்டும் என்று நினைத்தபடி கட்டிலில் சாய்ந்தார். லோட் ஷெட்டிங், கரண்ட் இல்லாத நேரம். மின்விசிறி நின்றிருந்தது. தூங்க வேண்டாம் வேண்டாம் என்று இருக்கும்போதே கண் செருகிவிட்டது.

மூச்சு நின்றது.

நெஞ்சில் அம்மிக்கல் ஏறியதுபோல ஒரு பாரம். எழ முடியவில்லை. கூப்பிட வாய் வரவில்லை. இதோ, இப்படித்தான் போகப்போகிறோம், பால்காரனுக்குக்கூடத் தெரியாமல் என்று நினைத்தார்.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள்.

வாயைப் பிளந்துகொண்டு எழுந்து உட்கார்ந்தார். காற்று உள்ளே வந்தது, மஷேரிக் காரலோடு. அறையில் யாரும் இல்லை. பிளக் தரையில் கிடந்தது. மின்விசிறி அசையவில்லை.

மெஷின் ஊதிக்கொண்டிருந்தது.

மாடசாமி ஓடவில்லை. அழுதார். வனஜா போன நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் மேல் ஒரு கை படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அகல்யா போன் செய்தாள். மாடசாமி கூடத்தில் நாற்காலி போட்டு, படுக்கையறைக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு பேசினார்.

"அப்பா, பில்டர் மாத்துறீங்கல்ல?"

"எடுத்துட்டேன்மா. இருந்தா அவருக்கு மூச்சு முட்டுது."

"யாருக்கு? அப்பா, க்யா போல் ரஹே ஹோ? என்ன சொல்றீங்க? புது மெஷின் எடுத்துட்டு நான் இன்னைக்கே வரேன்."

"வேண்டாம்மா. இங்க ஒண்ணும் குறையில்ல. எனக்கு நின்னா அவரு எழுப்புதாரு. அவருக்கு நின்னா நான்."

 அகல்யாவின் குரல் மெலிந்து வந்தது.

"அப்பா... நீங்க என்கிட்ட பேசிட்டு இருக்கீங்க. அங்க மெஷின் ஊதுற சத்தத்தோட குறட்டை விடுறது யாரு?"

மாடசாமி எழுந்துபோய்ப் படுக்கையறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தார்.

"மெதுவாப் பேசும்மா," என்றார். "இப்பத்தான் கண்ணசந்தாரு."