காகம் வராத வேலி

ஒரு காகத்தையும் காணவில்லை. நிரூபா பின்கதவுப் படியில் நின்று இன்னொரு தரமும் கூப்பிட்டுப் பார்த்தாள். அவர்கள் குடியிருக்கும் ரோவிலில் என்றால் இலையை வைக்க முதலே வேலியில் குந்தியிருந்து சண்டை பிடிக்கும். இங்கே, மெல்பேர்னிலிருந்து இரண்டு மணித்தியாலம் தள்ளியிருக்கும் பெனிவேலில், வானம் வெறுமையாகக் கிடந்தது. வேலித் தூணில் வாழையிலைத் துண்டு, அதில் சோறு, பருப்பு, விரதத்துக்கென்று வைத்த கசப்புக் காத்தோட்டிக்காய்க் குழம்பு. எல்லாம் ஆறிக்கொண்டிருந்தன.

ஆடியமாவாசை என்பதை மறந்து இந்த விடுமுறை வீட்டைப் பதிவு செய்தவன் அவளுடைய கணவன் சுஜீதன். செத்துப்போன தகப்பனுக்கு விரதம் பிடிப்பவனும் அவன்தான். காகம் வாய் வைக்காமல் அவன் சாப்பிட மாட்டான். குசினிக்குள் நின்று வெந்ததும் குளிரில் நின்று கத்துவதும் மட்டும் நிரூபா. நல்ல நியாயம்!

"என்னப்பா, காகம் வந்திட்டுதோ?" உள்ளே கதிரையிலிருந்து கேட்டான்.

"இல்லையப்பா. இந்த ஊர்க் காகமெல்லாம் டயட்டாக்கும்."

எரிச்சலில் வேலியைப் பார்த்துச் சத்தமாகவே கத்தினாள்: "கா... கா... ஆரெண்டாலும் வந்து சாப்பிட்டுத் துலையுங்கோவன்!"

தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது இலை வெறுமையாக இருந்தது. சிறகடித்த சத்தம் கேட்கவில்லை. ஒரு பருக்கைகூடக் கீழே சிந்தவில்லை. இவ்வளவு மரியாதையாகச் சாப்பிடும் காகத்தை அவள் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. குழம்பு இருந்த இடத்தில் மட்டும் சின்னச் சின்ன ஈரக்கோடுகள், விரலால் வழித்த மாதிரி.

முதல் சந்தேகம் புருஷன்மேல் விழுந்தது. பசியோடு கிடந்தவனை யார் நம்புவது? அவன் அப்பாமேல் சத்தியம் செய்துவிட்டுச் சோற்றுக் கோப்பையைக் கையில் எடுத்தான். அடுத்த சந்தேகம் ஐந்து வயது மகள் இயலினிமேல். அவளோ காத்தோட்டிக்காயைக் கண்டாலே மூக்கைப் பொத்துகிறவள். ஜன்னலோரம் நின்று வேலியைப் பார்த்தபடி, அவர்களுக்கு இன்னும் பசிக்கிறதாம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"ஆருக்கடி?"

பிள்ளை தோளைக் குலுக்கிவிட்டு விளையாடப் போய்விட்டது.

நிரூபாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தெருவுக்கு இறங்கினாள். தங்கம் தோண்ட வந்தவர்கள் கட்டிய கல்வீடுகள், இரும்புப் பூவேலை செய்த தாழ்வாரங்கள், புகைபோக்கிகளில் யூக்கலிப்டஸ் விறகின் மணம், வாசலுக்கு வாசல் ரோசாச் செடி என்று படம் எடுக்கச் சொல்லும் ஊர்தான். ஆனால் அந்த மணத்துக்கு அடியில் கிளறிய ஈரமண் வாடை ஒன்று வந்துகொண்டே இருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளைப் பார்த்தல்ல, அவளுக்குப் பின்னால் இடுப்புயரத்தில் எதையோ பார்த்து. திரும்பிப் பார்த்தாள். தெரு வெறுமையாக இருந்தது.

தேநீர்க்கடைக்காரி டோரதி ஊர்ப் புராணத்தை ஒப்புவிக்கிறவள் என்று முதல்நாளே தெரியும். இன்றைக்கும் ஸ்கோன் பணிஸை வைத்துவிட்டுத் தொடங்கினாள். தங்கம் தோண்டிய காலத்தில் ஒரு குளிர்காலம் தொண்டையடைப்பான் நோய் வந்து பிள்ளைகளை மட்டும் கொண்டுபோனதாம். தாய்தகப்பன்மார் வேறெங்கோ தங்கம் கிடைக்கிறதென்று பிள்ளைகளைப் புதைத்த குழிகளை மூடின கையோடு கிளம்பிவிட்டார்களாம்.

"யாரும் திரும்பி வரவில்லை," என்றாள் டோரதி. "வேலியில் சோறு வைத்தீர்களே, அது யாருக்கு?"

பார்த்திருக்கிறாள்! நிரூபாவுக்குச் சுருக்கென்றது. "எங்கள் குடும்பத்தில் இறந்தவர்களுக்கு. அது எங்கள் வழக்கம்."

"பெயர் சொல்லித்தானே கூப்பிட்டீர்கள்?"

யாரென்றாலும் வரட்டும் என்று கத்தியது நிரூபாவுக்கு இப்போதுதான் உறைத்தது. டோரதியின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"இன்றே போய்விடுங்கள். பிள்ளையின் கையை விடாதீர்கள்."

நிரூபா ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தாள். "விசர்க்கதை கதையாதையும் நிரூ," என்று சுஜீதன் சிரித்தான். அவள் அழத் தொடங்கியதும் பைகளைக் கட்டினான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இயலினியின் கையை அவள் விடவேயில்லை. புதுச் சிவப்புக் குளிர்ச்சட்டையைப் போட்டுவிட்டு, காரின் பின்சீற்றில் இருத்தி, தானே பெல்ட் மாட்டி, இழுத்தும் பார்த்தாள்.

"நீங்கள் இறங்காதேங்கோ. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கோ. நான் சோத்துச் சட்டியை எடுத்துக்கொண்டு வாறன்."

மிச்சச் சோற்றை இங்கே விட்டுவிட்டுப் போக அவளுக்குப் பயமாயிருந்தது.

குசினிக்குள் அந்த ஈரமண் வாடை. சட்டியைத் தூக்கினாள். ஜன்னலுக்கு வெளியே வேலியின் மரச்சட்டங்கள் கிறீச்சிட்டன. ஒன்று. பிறகு இன்னொன்று. பாரம் ஏறுகிற சத்தம். காற்று இல்லை.

பார்க்கக் கூடாது.

பார்த்தாள்.

வேலி நீளத்துக்குப் பிள்ளைகள். காகம் குந்துகிற மாதிரிக் குந்தியிருந்தார்கள். மண் அப்பிய சட்டைகள். வீங்கிய கழுத்துகள். ஒருவரும் அசையவில்லை. எல்லா வாயும் திறந்திருந்தது.

"நிரூ!" காரிலிருந்து சுஜீதனின் குரல். "கெதியா வாரும். பிள்ளை நித்திரையாகிட்டுது."

அப்பாடா. பிள்ளை காரில். பிள்ளை அவரோடு. அவளுக்கு மூச்சு வந்தது.

வரிசையின் கடைசியில் ஒரு சிவப்புக் குளிர்ச்சட்டை. மண் படாதது. புதிது.

நிரூபாவின் கையிலிருந்த சட்டி சாய்ந்து சோறு தரையில் கொட்டியது. வேலியில் எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின. கார் எஞ்சின் உறுமியது. அதற்கு மேலாக, சுஜீதன் காரில் தூங்கும் பிள்ளைக்கு ஏதோ தாலாட்டுப் பாடுவது கேட்டது. வேலியில் குந்தியிருந்த இயலினி, தாயைப் பார்த்து, வாயை இன்னும் அகலமாகத் திறந்தாள்.