மேல்மாடியில் சேற்றுக்கோடு

மழை இன்னும் தொடங்கவே இல்லை. ஆனால் வாசலில் கிடந்த சாக்கு மிதியடி ஈரமாக இருந்தது. அய்யாவு செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் கால் வைத்ததும் விரல்களுக்கு நடுவே குளிர்ந்த சேறு பிதுங்கியது. காலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். எண்ணெய் மினுங்கும் கருஞ்சேறு. பொழுதெல்லாம் லோங்காங் எனப்படும் சாக்கடைக் கால்வாய்களில் இறங்கி அடைப்பு எடுக்கிறவன் அவன். சாக்கடைச் சேற்றின் நாற்றம் அவன் தோலிலேயே ஊறியிருந்தது. இது அது இல்லை. வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் நாள் கணக்காகக் கிடக்குமே, அழுகிய வாழைத்தண்டும் மண்ணெண்ணெயும் செத்த கோழியும் கலந்த வாடை, அது.

அவன் நின்றுகொண்டிருந்தது பதினேழாம் மாடியில். அதற்கு மேல் தண்ணீர்த் தொட்டியும் வானமும்தான்.

"தங்கம், வாசல்ல யாரு தண்ணி ஊத்துனது?"

"யாரும் ஊத்தல. கால கழுவிட்டு மெல்ல வாங்க. புள்ள இப்பத்தான் கண்ண மூடுச்சு."

உள்ளே, தொட்டிலில் லெட்சுமி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, இனிமேல் இல்லை என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவு செய்த பிறகு பிறந்த குழந்தை. அய்யாவு தொட்டில் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதுதான் சுவரைக் கவனித்தான். தரையிலிருந்து ஒரு விரல் உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு. அலமாரிக்குப் பின்னால் நுழைந்து, சன்னலுக்குக் கீழே வெளிவந்து, அறையைச் சுற்றி, மட்டப்பலகை வைத்துப் போட்டதுபோல ஓடியது.

அந்தக் கோட்டை அவனுக்குத் தெரியும். பிரிக்பீல்ட்ஸுக்குப் பின்னால் ஆற்றங்கரைக் கம்பத்தில், அந்தப் பலகை வீட்டுக் குடியிருப்பில், இருந்த அவர்களுடைய பழைய பலகை வீட்டின் சுவரெல்லாம் அப்படிப்பட்ட கோடுகள்தான். ஒவ்வொரு வெள்ளமும் ஒன்று போட்டுவிட்டுப் போகும். அங்கே எல்லா வீட்டிலும் ஒரே ஏற்பாடுதான். உத்திரத்தில் கட்டிய கயிறு, கூரைத் தகரத்தைப் பிளக்க ஒரு கைக்கோடாலி, அடையாள அட்டைகளைப் போட்டு மெழுகு ஊற்றி மூடிய மைலோ டின். தண்ணீர் வந்தால் மேலே ஏறு. வெளியே இறங்காதே. எழுபத்தொன்றில் பெருவெள்ளம் வந்தபோது அவனும் மனைவி தங்கமணியும் உத்திரத்தைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வீட்டார் ரோட்டுக்குப் போய்விடலாம் என்று இறங்கினார்கள். அவர்களைப் பாலத்துக்கு அடியில்தான் எடுத்தார்கள்.

அரசாங்கம் கம்பத்தை உடைத்து இந்த அடுக்குமாடியில் வீடு கொடுத்தபோது, மேல்மாடி வேண்டுமென்று கேட்டு வாங்கியவன் அவன்தான். லிப்ட் நின்றுபோகும் நாளெல்லாம் தங்கமணி அதைச் சொல்லிக் காட்டுவாள்.

"இது மேல தண்ணி டாங்கி லீக்கு" என்றாள் அவள், கோட்டைப் பார்த்து. ஈரத்துணியால் துடைத்தாள். போய்விட்டது.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது கோடு கணுக்கால் உயரத்தில் இருந்தது.

கொஞ்ச நாளைக்கு முன்னால் தீயணைப்புப் படையிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். கீழ்த்தளத்து மண்டபத்தில் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார்கள். தமிழில் பேசியவன் பாலன் என்ற பையன், கிள்ளான்காரன். "அண்ணே, அக்கா, நல்லா கேட்டுக்குங்க. நீங்க முன்ன இருந்தது பலக வீடு. இது வேற. நெருப்புன்னா லிப்ட் தொடாதீங்க, படியில கீழ எறங்கிருங்க. மேல மட்டும் போவாதீங்க. பொகை மேலதான் போவும்."

அய்யாவு எழுந்து நின்றான். "தண்ணி வந்தா?"

"எந்த மாடிண்ணே?"

"பதினேழு."

"பதினேழுல தண்ணி வந்தா நாங்க லோரிய வுட்டுட்டு படகுலதான் வரணும் லா!"

மண்டபமே சிரித்தது. பக்கத்து வீட்டு இராஜம்மாவுக்குப் புரையேறிவிட்டது. அன்று அய்யாவும் சிரித்தான்.

இப்போது சிரிப்பு வரவில்லை. தங்கமணி துடைக்கத் துடைக்கக் கோடு ஏறியது. முழங்கால். பிறகு தொட்டிலின் அடிவிளிம்பு. கோட்டுக்குக் கீழே சுவர் சில்லென்று இருந்தது, மேலே வெதுவெதுப்பு. படுத்தால் தரைக்கு அடியில், சிமெண்டுக்குள்ளேயே, எதுவோ மெதுவாகப் புரண்டு புரண்டு போவது கேட்டது. சமையலறைக் குழாய்த் துவாரம் ஒரு பெரிய மிருகம் தொண்டையைச் செருமுவதுபோலக் கொப்பளித்தது. தங்கமணிக்கும் கேட்டது. குழாயில் காற்று என்றாள். தொட்டிலை மட்டும் ஒரு முடிச்சு உயர்த்திக் கட்டினாள்.

அவனுக்குத் தூக்கம் போயிற்று. கம்பத்தில் தண்ணீர் வந்தால் மேலே ஏறலாம். இங்கே வீட்டுக்கு மேலே உடைக்கத் தகரம் இல்லை, காங்கிரீட். மொட்டைமாடிக்குப் போகும் இரும்புக் கதவில் பெரிய பூட்டு. இரும்பு அறுக்கும் வாளொன்றை வாங்கிவந்து, வேலை முடிந்த களைப்போடு படியேறி, பூட்டின் கம்பியை அறுக்கத் தொடங்கினான். இராஜம்மா பார்த்துவிட்டாள்.

"என்ன தம்பி, மேல பொறா வளக்கப் போறியா?"

"காத்து வாங்கலாம்னுக்கா."

"காத்தா! ஒம் பொஞ்சாதி என்கிட்ட சொல்லிட்டா லா. ஒரு எட்டு பத்துமலைக்குப் போயி முருகன கும்புட்டுட்டு வா. கம்பத்த வுட்டு வந்தாச்சு, ஒன் மண்டையிலதான் இன்னும் தண்ணி வடியல."

அவள் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். அறுப்பதை அவன் நிறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. ரயில் தண்டவாளமும் கூரைகளும் ஒவ்வொன்றாக மறைந்து, சன்னலுக்கு வெளியே சாம்பல் நிறம் மட்டும் மிஞ்சியது. மின்சாரம் போயிற்று. அந்த இருட்டில் முதலில் வந்தது வாடைதான். ரப்பர் கருகும் வாடை. பிறகு வெகு கீழே யாரோ தகரத்தை அடிக்கும் சத்தம். பிறகு குரல்கள். "அப்பி! அப்பி!" நெருப்பு, நெருப்பு என்று மலாயில் மாடிக்கு மாடி கத்திக்கொண்டு வந்தார்கள்.

தங்கமணி தொட்டிலிலிருந்து குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். வெளியே நடையில் இராஜம்மா ஒரு துணிமூட்டையோடு ஓடினாள். "வா தங்கமணி! அந்த ஆளு வருவாரு, நீ வா!"

அய்யாவு வாசலை மறித்து நின்றான்.

"மேல போவோம். பூட்ட அறுத்து வச்சிருக்கேன்."

"பைத்தியமாங்க? பொகை மேலதான் வரும்னு அந்தப் பையன் படிச்சுப் படிச்சுச் சொன்னான்ல?"

"கீழ தண்ணி இருக்கு தங்கம்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். கோபமில்லை. பயந்திருந்தாள், அவனைப் பார்த்து. "புள்ளைய குடுக்க மாட்டேன்" என்று மெதுவாகச் சொன்னாள். "வழி விடுங்க."

அவன் ஒதுங்கினான். அவள் போய்விட்டாள்.

புகை நடையில் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. கண் எரிந்தது. மொட்டைமாடிக் கதவு பத்தடி தூரம். தங்கமணியின் சிலிப்பர் சத்தம் படியில் பட் பட் என்று இறங்கிக்கொண்டிருந்தது. அய்யாவு அந்தச் சத்தத்தின் பின்னால் போனான். கைப்பிடிக் கம்பியைத் தடவித் தடவி, ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம். சுவரில் பதித்த ஓட்டைக்கற்கள் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம். புகை குறைந்தது. இன்னும் இறங்கினான். புகையே இல்லை. காற்று குளிர்ந்தது. கம்பி ஈரமாக இருந்தது.

வாடை வந்தது. ஆற்றின் வாடை.

அடுத்த திருப்பத்தில் படிகள் முடிந்திருந்தன.

தண்ணீர். கருப்பாக. அசையாமல். சுவரிலிருந்து சுவர் வரைக்கும்.

ஆட்கள் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். வரிசையாக. தள்ளாமல், முனகாமல். இராஜம்மா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். மூட்டை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. அலை எழவில்லை.

தங்கமணி இடுப்பளவில் இருந்தாள்.

"தங்கம்!"

அவள் திரும்பினாள். "என்ன நிக்கிறீங்க? இங்க பொகையே இல்ல, வாங்க." மார்பளவு. கழுத்தளவு. தோளுக்கு மேலாகக் குழந்தை அவனைப் பார்த்துச் சிரித்தது. தண்ணீர் மூடிக்கொண்டது. ஒரு குமிழிகூட வரவில்லை.

சிலிப்பர் சத்தம் மட்டும் நிற்கவில்லை. காய்ந்த சிமெண்டில் அடிக்கிற மாதிரி, தண்ணீருக்கு அடியிலிருந்து. பட். பட். பட்.

"சீக்கிரம் வாங்க." பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி அவள் குரல். "புள்ள ஒங்களத்தான் தேடுது."

அய்யாவு மண்டியிட்டான். கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டான். எலும்பு வலித்தது, அவ்வளவு குளிர். துழாவினான். ஒரு மணிக்கட்டு கிடைத்தது. வளையல்கள். சூடாக இருந்தது. பிடித்து இழுத்தான். அது மேலே வரவில்லை. திருப்பி அவன் கையைப் பற்றிக்கொண்டது.

அப்போது மேலே, புகைக்குள்ளிருந்து, குழந்தை அழுதது.

லெட்சுமியின் அழுகை. தூங்கி எழுந்ததும் பாலுக்கு அழும் அழுகை. அவனுக்குத் தெரியாதா? கூடவே ஓர் இருமல். தங்கமணியின் இருமல். "என்னங்க... எங்கங்க போனீங்க... நாங்க இங்கதான் இருக்கோம்..."

கையை உருவப் பார்த்தான். முடியவில்லை. தண்ணீர் ஒரு படி ஏறியது. அவன் முழங்கால் நனைந்தது. அடியில், மங்கலாக, படி நெடுக ஆட்கள் நின்றார்கள். எல்லா முகமும் மேலே திரும்பியிருந்தது. அவனுக்காகக் காத்திருந்தார்கள்.

"தங்கம், மேல போ!" என்று கத்தினான். "கதவு தொறந்திருக்கு! மேல!"

மேலிருந்து இருமல் மட்டும் வந்தது.

அவன் முகத்துக்கு நேரே தண்ணீர் மெல்லப் பிளந்தது. லெட்சுமியின் சின்னத் தலை எழுந்தது. ஒரு முடிகூட நனைந்திருக்கவில்லை. கண்கள் அவனையே பார்த்தன. அது வாயை அகலத் திறந்தது.

அழுகைச் சத்தம் மேல்மாடியிலிருந்து வந்தது.