அவசரக்குடுக்கைக் காவலாளிகள்

பாகூர் கடைத்தெருவில் இருக்கும் ஜெஸிமாவின் வீட்டுக்கு வந்தால், அவள் தோழி மகாலட்சுமிக்கு இளைப்பு வந்துவிடுகிறது. நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவதுபோல ‘உய்ங்... உய்ங்’ என்று கேட்கும். எல்லா நாளும் அல்ல, சில நாள் மட்டும்.

இருவரும் ஐந்தாம் வகுப்பு, ஒரே பெஞ்சு. ஒருத்தி தும்மினால் இன்னொருத்தி மூக்கைத் துடைத்துக்கொள்வாள். அவ்வளவு ஒட்டு.

போன வெள்ளிக்கிழமை இளைப்பு பலமாக வந்தது. மகாலட்சுமியின் அம்மா ஆதிலட்சுமி பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினார்.

“இனிமே அந்த வூட்டுப் பக்கமே போவாத” என்று சொல்லிவிட்டார்.

நோன்புப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மகாலட்சுமி இல்லாத பெருநாளும் ஒரு பெருநாளா? ஜெஸிமாவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுது முடித்துவிட்டு யோசிக்க ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை பள்ளியில் கேட்டாள். “டாக்டர் இன்னாடி சொன்னாரு?”

“மூச்சுக்குழாய் சுவர்ல குட்டிக் காவலாளிங்க இருக்காங்களாம்டி. எல்லாருக்கும் பொறக்கும்போதே இருக்கும். கிருமி வந்தா கண்டுபிடிச்சு மணி அடிப்பாங்க. ஒடனே ரத்தத்துலேர்ந்து ஒரு பட்டாளமே சண்டைக்கு ஓடி வரும்.”

“நல்லதுதானே?”

“நல்லதுதான். என்னோட ஆளுங்க அவசரக்குடுக்கை. தூசி, புகைக்கெல்லாம் மணி அடிச்சிடறாங்க. வந்த பட்டாளம் சும்மா போவுமா? கலாட்டா பண்ணும், குழாய் வீங்கிடும். அப்புறம் மூச்சு எப்படிப் போவும்?”

மகாலட்சுமி தன் பையிலிருந்த இளைப்பு மருந்து பம்பைத் தட்டிக் காட்டினாள். “இத அடிச்சா குழாய் விரியும். ஆனா மணி அடிக்க வைக்கறது எதுன்னு கண்டுபிடிக்கணுமாம்.”

ஜெஸிமா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தாள். பென்சில் வாங்க ஓடி வந்தபோது மகாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மழைக்கு ஒதுங்கியபோதும் ஆகவில்லை. ‘நாளைக்கு வரேன்’ என்று சொல்லிவிட்டு வந்த நாளெல்லாம் விசில்தான்.

சொல்லிவிட்டு வந்தால் வீட்டில் என்ன மாறுகிறது?

வீட்டுக்குள் நுழைந்ததுமே பதில் கிடைத்தது. பெரியம்மா வருகிறார் என்று அவள் அம்மா ஷிபானா, தணலில் சாம்பிராணியைத் தூவிக்கொண்டிருந்தார். விருந்தாளி வருவது தெரிந்தால் அம்மாவின் கை தானாகச் சாம்பிராணி டப்பாவைத் தேடும். மகாலட்சுமி என்றால் ஒரு பிடி கூடுதல். அவள்மேல் அம்மாவுக்கு அவ்வளவு செல்லம்.

ஜெஸிமா விஷயத்தைச் சொன்னதும் அம்மாவின் முகம் வாடிவிட்டது.

“அப்போ அந்தப் புள்ளைய நான்தான் இளைக்க வச்சேனா?”

“இல்லம்மா. நீ பாசமா போட்ட புகைய, அவ காவலாளிங்க திருடன்னு நெனச்சிட்டாங்க. அவங்களுக்கு ஆள் தெரியல.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரிடி. வாசனையே இல்லாம ஒரு விருந்தாளிய எப்படிக் கூப்பிடறது?”

“நோன்புக் கஞ்சி வாசனை போதும்மா.”

மறுநாள் ஜெஸிமா நேராக ஆதிலட்சுமியிடம் போய் நின்றாள்.

“அத்தை, எங்க வூட்டு சாம்பிராணிப் புகைதான் மகாவுக்கு ஆவல. இனிமே போட மாட்டோம். சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கிட்டு நீங்களும் வாங்க. இளைப்பு வந்தா இனிமே நானே கூப்பிட மாட்டேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்குப் பயம்தான். கணக்கு தப்பினால் தோழி போய்விடுவாள். ஆனாலும் கணக்கு சரி என்று நம்பினாள்.

சனிக்கிழமைவரை வீட்டில் புகையே போடவில்லை. அன்று காலையில் ஜெஸிமா ஜன்னல்களைத் திறந்துவைத்து, ஈரத்துணியால் மூலைமுடுக்கெல்லாம் துடைத்தாள்.

மாலையில் ஆதிலட்சுமி, பம்பைக் கையில் பிடித்தபடியே மகளோடு வந்து உட்கார்ந்தார். நோன்பு திறந்து எல்லோரும் கஞ்சி குடித்தார்கள். மகாலட்சுமி வாத்தியார்போல நடித்துக் காட்டி, தானே விழுந்து விழுந்து சிரித்தாள். ஆதிலட்சுமி அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டார். விசில் இல்லை. இன்னொரு முறை கேட்டார். அப்போதும் இல்லை.

பம்பைப் பைக்குள் வைத்துவிட்டு, கஞ்சிக் கிண்ணத்தை மறுபடி நீட்டினார்.

“ஷிபானாக்கா, பெருநாளன்னிக்கு எங்க வூட்ல சோறு ஆக்கப் போறதில்ல” என்றார். “குடும்பத்தோட இங்கதான்.”