இழு, விடு

வெள்ளையம்மாளின் முதுகில் மகுடேஸ்வரன் சேர்த்து வைத்திருந்த இரண்டு கட்டைவிரல்களும் அவள் மூச்சை இழுத்தபோது விலகின. விடும்போது திரும்பி வந்து ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை.

நெஞ்சு எவ்வளவு விரிகிறது என்று பார்க்கும் பரிசோதனை அது. பிசியோதெரபி படிக்கும்போது செய்தது. நல்லூரில் இருந்த இந்தப் பனியன் கம்பெனிக்கு வர ஆரம்பித்த பிறகு அவன் யார் முதுகையும் தொட்டதில்லை. துணி வாங்கும் வெளிநாட்டு பையர் தொழிலாளிகளுக்கு மெடிக்கல் செக்கப் கேட்கிறான் என்பதற்காக வருஷத்துக்கு ஒருமுறை வருவான். வரிசையில் நிற்பவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எல்லா பாரத்திலும் ‘நுரையீரல் நார்மல்’ என்று எழுதிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போவான். தெற்கேயிருந்து பஸ் ஏறி வந்த கூட்டத்துக்கு இருமல் என்பது லீவு கேட்கும் பாஷை என்று அந்த மேதை எப்போதோ கண்டுபிடித்திருந்தான்.

இன்று இவள் மட்டும் நகரவில்லை.

“தொட்டுப் பாத்து எழுதுங்க சார். எம்மவ வேல்விழியத் தொடாமத்தான் நார்மல்னு எழுதுனீய. தை மாசம் மூச்சு முட்டிச் செத்துப்போனா.”

வெளியே பையர் சார்பில் ஆடிட் செய்ய வந்தவன் உட்கார்ந்திருந்தான். அவன் காதில் விழுந்தால் பிழைப்பு போய்விடும். அதற்காகத்தான் தொட்டான், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

“விடு,” என்றான் இப்போது. முதலாளி வீட்டு நாய்க்கும் ‘ங்க’ போடுகிற வாய் அது. “மூச்ச விடுன்னா காது கேக்குலையா?”

அவள் விடவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் நிட்டிங் மெஷின்கள் உறுமிக்கொண்டிருக்க, ஆயில் வாடையும் நூல் வாடையும் தேங்கிய அந்த அறையில், ஜன்னல் கம்பியில் அப்பியிருந்த பஞ்சுத்தூசி மெல்லக் கழன்று, ஃபேன் காற்றை எதிர்த்து, அவள் முகத்தை நோக்கி மிதந்து போனது. கட்டைவிரல்களுக்கு நடுவே ஆறு விரற்கடை. மனித முதுகு அவ்வளவு விரியாது. பாடத்தில் அது ஒன்றாவது அவனுக்கு நினைவிருந்தது.

நடிக்கிறாள் என்று நினைத்தான். இவர்களுக்கு இதுவே வேலை. கையை எடுக்கப் பார்த்தான்.

வரவில்லை.

பயந்துவிட்டான். ரவிக்கைத் துணிக்கு அடியில் விலா எலும்புகள் ஒவ்வொன்றாக இடம் விட்டு நகர்வது உள்ளங்கையில் தெரிந்தது. ஒரு ஜாண். தையல் பிரிந்தது. காது அடைத்தது. மெஷின் சத்தம் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது. யாரையாவது கூப்பிடலாமென்று வாயைத் திறந்தான். காற்று மட்டும் வெளியே போனது. போய்க்கொண்டே இருந்தது. அவன் நெஞ்சு ஒட்டியது.

“விடுங்க...”

ஒரு முழம்.

“அம்மா... விடுங்கம்மா...”

அவள் திரும்பவில்லை. அவன் கைகள் எட்டும் மட்டும் விரிந்துவிட்டன. வலது தோள்மூட்டு மளுக்கென்று கழன்றது. பிறகு இடது.

அவள் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தாள்.