துளை போடுமுன் எடுத்த தண்ணீர்

திங்கட்கிழமை காலை 9.10. ராஜபாளையத்தில் ஒரு கல்லூரி ஆய்வகம். பிரிட்ஜின் பிளக் பிடுங்கிக் கிடந்தது. உள்ளே இருந்த தண்ணீர் பாட்டில்கள் அத்தனையும் வெதுவெதுத்தன.

லேசுப்பட்ட தண்ணீரா அது? கடலோரக் கிராமங்களில் பாறையை நீரழுத்தத்தால் உடைத்து வாயு எடுக்க ஒரு கம்பெனி சனிக்கிழமைதான் துளை போடத் தொடங்கியிருந்தது. நாளைக்குக் கிணற்றில் வாயு குமிழியிட்டால், "அது முந்தியே இருந்தது" என்பார்கள். இல்லை என்று காட்ட, துளைக்கு முன் அந்தக் கிணறுகளில் எடுத்த இந்தத் தண்ணீரை விட்டால் வேறு நாதியில்லை. குளிர் விட்டால் அதுவும் சோதனைக்கு உதவாது. ஆய்வுக்குப் பணம் கொடுப்பதும் அதே கம்பெனிதான். ஆட்டுக்கு ஓநாய் காவல்.

வெள்ளியன்று கடைசியாகப் பூட்டிப் போனவள் ஆராய்ச்சி மாணவி பிரிஸ்கில்லா. பழி அவள் தலையில் விழுந்தது. பட்டம் போய்விடும்.

10.30. போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜெயபாய் வந்தார்.

"நான் பிளக்கைத் தொடவே இல்ல மேடம்," என்றாள் பிரிஸ்கில்லா. அழுது முகம் வீங்கியிருந்தது.

"மறந்திருப்பா. விட்டுருங்க," என்றார் துறைத்தலைவர் குருசாமி. இத்தனை நஷ்டத்துக்கும் அவருக்குக் கோபமே வரவில்லை. அது ஜெயபாய்க்கு இடித்தது.

பிரிட்ஜைத் திறந்தார். குப்பென்று மல்லிகை வாசம். திரும்பிப் பார்த்தார். காலையில் ஆய்வகத்தைத் திறந்த உதவியாளர் பாண்டீஸ்வரியின் தலையில் மல்லிகைச் சரம். பாதிக்கு மேல் மொட்டு.

"பூ எப்ப வாங்குனது?"

பாண்டீஸ்வரி மிரண்டாள். "வெள்ளிக்கிழமை மேடம். இதுக்குள்ள வச்சிட்டு மறந்துட்டேன். இன்னைக்கு எட்டு மணிக்குத்தான் எடுத்தேன். சார் வைவாகன்னு சொல்லல."

"பொறவு யாரு வந்தா?"

"சார் மட்டுந்தான். நான் வராந்தா கூட்டப் போயிட்டேன்."

ஜெயபாய் குருசாமியிடம் திரும்பினார். "வெள்ளிக்கிழமையே பிரிட்ஜ் அணைஞ்சிருந்தா இந்தப் பூ கருகியிருக்கும். எட்டு மணி வரைக்கும் நல்லா ஓடியிருக்கு. அதுக்குப் பொறவு பிளக்கைப் புடுங்கினா, ஒரு மணி நேரத்துல இம்புட்டுத் தண்ணியும் வெதுவெதுக்காது. இது வேற தண்ணி, லேபிள் மட்டும் ஒட்டியிருக்கு. நெசத் தண்ணி எங்க சார்?"

குருசாமி கார் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

"கார்ல, ஐஸ் பெட்டியில. ஸ்ரீவில்லிபுத்தூர் போற வழியில கண்மாயில கொட்டிரலாம்னு நெனச்சேன்."

கழுவும் தொட்டி பிரிட்ஜுக்குப் பக்கத்திலேயே இருந்தது. மனுஷனுக்கு அதில் கொட்ட மனம் வரவில்லை. ஜெயபாய்க்குப் பாவமாக இருந்தது.

"கம்பெனியில சொன்னாங்களா?"

"ஒருத்தரும் சொல்லல. அடுத்த வருஷமும் ஆராய்ச்சி நடக்கணும்லன்னு கேட்டாங்க, அம்புட்டுதான். எத்தனை பிள்ளைக இதை நம்பிப் படிக்குது."

"அதுல ஒரு பிள்ளைதான் சார் இவ."



பெட்டி வந்தது. பிரிஸ்கில்லா ஒரு பாட்டிலைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை.

"இது கார்ல கிடந்த தண்ணி. இனி கோர்ட்டுல ஒத்துக்க மாட்டாங்க," என்றாள். பிறகு குருசாமியைப் பார்த்தாள். "அது ஏன் காருக்குப் போச்சுன்னு நீங்க வந்து சொல்லுங்க சார். தண்ணிய நம்பாட்டியும் உங்கள நம்புவாங்க."

குருசாமி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாரேம்மா," என்றார்.