வாயில்லாத பெட்டி

பெட்டிக்கு வாய் கிடையாது. வாய் இல்லாததைத்தான் கேட்டு வாங்கியிருந்தாள் வேலுத்தாய். அப்படியிருக்க, உச்சி வெயிலுக்குச் சன்னல்கள் எல்லாம் அடைத்துக் கிடக்கையில், கரண்டு போய் மின்விசிறியும் ஓடாத நேரத்தில், பெட்டியை ஒட்டித் தொங்கிய திரைச்சீலை மட்டும், பின்னாலிருந்து யாரோ நீளமாக மூச்சு விட்டதுபோல ஒரு தடவை உப்பித் தணிந்தது.

கையில் சோற்றுத் தட்டோடு நின்று பார்த்தாள். குனிந்து பெட்டியின் சுவிட்சைப் பார்த்தாள். அணைந்திருந்தது. சன்னல் இடுக்கில் விரலை வைத்துப் பார்த்தாள். காற்று இல்லை. "சரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மிச்சச் சோற்றை அங்கேயே நின்று தின்று முடித்தாள். பயத்துக்காகச் சோற்றைப் பாதியில் வைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அது டிவியோடு மாட்டுகிற சின்ன சப்வூஃபர். அடிவயிற்றுச் சத்தம் மட்டும் கொடுக்கிற ஸ்பீக்கர் பெட்டி. அவளுக்கு மிச்சமிருந்ததும் அந்தச் சத்தம்தான். நாரணாபுரத்துப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் அவள் வேலை பார்த்த அறை வெடித்த அன்று இடது காது முழுசாகப் போயிற்று. வலது காதில் குயில் போயிற்று, குழந்தைச் சிரிப்பு போயிற்று, புருஷன் குரலில் பாதி போயிற்று. லாரி, இடி, கொட்டு இவை மட்டும் நெஞ்செலும்பு வழியாக வந்துகொண்டிருந்தன.

அறைக்கு நாலு பேர் என்பது கணக்கு. அவளோடு சொர்ணலட்சுமி, பாண்டிலட்சுமி, கருப்பணன். ஒரு மணல் உரசினாலும் பொறி பறக்கும் என்பதால் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். குதிகால் அறையைப் பார்க்க, நுனி வெளியைப் பார்க்க விட வேண்டும் என்பாள் சொர்ணலட்சுமி. ஓடும்போது மாட்டிக்கொண்டு ஓட வசதியாம். "செருப்பு மாட்ட நேரம் குடுத்துட்டுத்தான் வெடிக்குமாக்கும்" என்று கருப்பணன் தினமும் கேலி செய்வான். தினமும் அவனும் அப்படியேதான் விடுவான். வெடித்த அன்று, வெயிலில் காயவைத்த சரக்கைத் திருப்பிப்போட வேலுத்தாய் வெறுங்காலோடு வெளி மேடைக்குப் போனாள். திரும்பிப் பார்க்கையில் அறையும் இல்லை, மூன்று பேரும் இல்லை, வாசலில் கிடந்த செருப்புகளும் இல்லை. தன் செருப்பின் அறுந்த வாரை நீல நூலால் தைத்துப் போட்டிருந்தாள். அதுவும் எரிந்தது.

"எந்தச் சத்தம் எங் காதைத் தின்னுச்சோ, அதையே வீட்டுல கட்டிப்போட்டு வேலை வாங்கப்போறேன்" என்று வெள்ளைத்துரையிடம் சொன்னாள். அவள் புருஷன், அச்சாபீஸுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவன்.

"ஊருல பொம்பளைக கிளி வளப்பாக, நாய் வளப்பாக. நீ இடி வளக்கப்போறியா" என்றான். ஆனாலும் கூட்டிக்கொண்டுதான் போனான்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செய்யது அபுதாஹிர் கடை. உதட்டைப் பார்த்து அவள் புரிந்துகொள்ளட்டும் என்று அவர் நிதானமாகப் பேசினார்.

"ஹால் எம்புட்டு இருக்கும் தாயி?"

"ஒரு கட்டிலைப் போட்டா நடக்க இடமில்ல பாய். மூணாவது மாடி."

"அப்பப் பெருசு வேணாம். இந்தச் சின்னதே போதும். இதுல ரெண்டு தினுசு. இங்கன பாருங்க, இதுல ஓட்டை இருக்கு, காத்தைத் துப்பும். சத்தம் இழுத்துக்கிட்டே போகும், கீழ்வீட்டுக்காரவுக சண்டைக்கு வந்துருவாக. இது மூடுன பெட்டி. அடிச்சா அடிச்ச இடத்துல நின்னுக்கிடும்."

ஓட்டைப் பெட்டியின் முன்னால் கையை வைக்கச் சொல்லிப் பாட்டைப் போட்டார். வெதுவெதுப்பாகக் குப்பென்று காற்று உள்ளங்கையில் மோதியது. அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். அந்தக் காற்று ஒரு தடவை அவளை மேடையிலிருந்து தூக்கி எறிந்திருக்கிறது.

"வாய் இல்லாததையே குடுங்க. காத்து வரக்கூடாது."

"வந்தா திருப்பிக் கொண்டாங்க, நானே எடுத்துக்கிடுறேன். மூலையில மட்டும் வைக்காதீக, சத்தம் பெருசாகும்."

வீட்டில் போட்ட முதல் நாளே வினை. பகல், எல்லாக் கம்பெனியிலும் வேலை நடக்கிற நேரம். சண்டைப் படம் ஒன்றை வைத்தாள். தும் என்று விழுந்த அடி தரை வழியாகக் காலில் ஏறி வயிற்றில் வந்து உட்கார்ந்தது. எத்தனையோ காலம் கழித்து ஒரு சத்தம் குறையில்லாமல் அவளுக்குக் கிடைத்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வெளியே வந்தால் அடுக்குமாடி அத்தனையும் படிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் தும் என்றால் என்ன சத்தம் என்று யாரும் கேட்பதில்லை. எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். மொட்டைமாடியில் ஒரு கூட்டம் புகையைத் தேடியது. காதில் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தரும் ஒரு பேரைக் கூப்பிட்டார்கள்.

விஷயம் தெரிந்ததும் கீழ்வீட்டு பைரோஜா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க வீட்டுக்காரரு புதுப்பட்டிக்கு லோடு ஏத்தப் போயிருக்காரு. நீங்க படம் பாக்க நாங்க சாகணுமாக்கா?"

"வெடிச்சது ஆனைக்குட்டம் பக்கம்னு நான் சத்தியமே பண்ணிட்டேன்" என்றார் மேல்வீட்டு தனுஷ்கோடி. "நம்ம வேலுத்தாய் ஹாலா அது."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யாரும் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. கம்பெனி விடுகிறவரை பெட்டியை அணைத்தே வைப்பதாக வேலுத்தாய் ஒத்துக்கொண்டாள். அது நியாயம்.

அப்படி அணைத்து வைத்த பெட்டிதான் மூச்சு விட்டது.

மறுநாளும் அதே வெயில் நேரம். திரைச்சீலை உப்பியது. இந்தத் தடவை சத்தமும் வந்தது. தும். அடுப்படியில் நின்றவளின் பாதத்தில் ஏறி அடிவயிற்றில் கிடந்தது. ஊர்ப் பழக்கம், யோசிக்காமல் வெளியே ஓடினாள்.

ஒரு கதவும் திறக்கவில்லை. ஒரு மாடி கீழே, தன் வாசலில் பைரோஜா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இப்பிடி ஓடியாரீக?"

"சத்தம் கேக்கலையா?"

"என்ன சத்தம்? வெயிலு மண்டையில ஏறிருச்சா ஒங்களுக்கு?"

வேலுத்தாய் படிக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஊருக்குக் கேட்பதில் பாதி அவளுக்குக் கேட்காது. இன்று அவளுக்குக் கேட்டது ஊருக்குக் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது பெட்டிக்கு முன்னால் தரை மினுங்கியது. விரலால் தொட்டாள். பட்டாசுக்குப் போடுகிற வெள்ளிப் பவுடர், தீபாவளிச் சீசனில் நகக்கண்ணுக்குள் போனால் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அதே பவுடர். ஹாலில் கந்தக வாடை. விளக்குமாற்றை எடுத்துக் கூட்டி அள்ளினாள். கூட்டிய இடம் மறுபடி மினுங்கியது.

சாயங்காலம் வெள்ளைத்துரை அந்தப் பவுடரைத் தேய்த்துப் பார்த்துவிட்டு முகம் மாறினான். அவள் வலது காதுப்பக்கம் வந்து சொன்னான்.

"பாய்தான் எடுத்துக்கிடுறேன்னாருல்ல. காலையில குடுத்துருவோம்."

"மாட்டேன். காதைக் குடுத்தாச்சு. பொழப்பைக் குடுத்தாச்சு. இதையும் குடுத்துட்டு நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காரவா?"

"ஏ வேலு, நான் சொல்லுறதைக் கேளு."

"எனக்குத்தான் கேக்காதே" என்றாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் படுக்கப் போகும்போது பெட்டியைச் சுற்றிக்கொண்டு போனான்.

அடுத்த நாள் அவன் விருதுநகருக்கு லோடு போய்விட்டான். வேலுத்தாய் வயரைப் பிடுங்கினாள். சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். பெட்டியை நடு ஹாலுக்கு இழுத்துப்போட்டு, அதன் முகத்தில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"எவ வாரான்னு பாக்கேன்."

வெயில் ஏறியது. சன்னல் கம்பியின் நிழல் தரையில் சுருங்கிக்கொண்டே வந்தது. கந்தக வாடை முதலில் லேசாக, பிறகு தொண்டையைப் பிடிக்கிற அளவுக்கு. முதுகில் சேலை சூடேறியது. வாயில்லாத பெட்டியிலிருந்து காற்று.

தும்.

விலா எலும்பு அதிர்ந்தது. அவள் அசையவில்லை.

தும்.

மடியில் வயர் குதித்தது.

தும்.

அப்புறம் ஒன்றுமில்லை. அவள் காத்திருந்தாள். அறைக்கு நாலு பேர். மூன்று வந்தாயிற்று. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை.

"நாலாவதையும் போடுங்களேன்" என்றாள். "இங்கனதான் இருக்கேன்."

வரவில்லை.

வாசல் பக்கம் தரை மெல்ல அதிர்ந்தது. நடை. வெள்ளைத்துரையாக இருக்கும். எழுந்தாள். போய்க் கதவைத் திறந்தாள்.

யாரும் இல்லை. படிக்கட்டு காலி.

கீழே பார்த்தாள்.

செருப்பு. மூன்று ஜோடி. குதிகால் வீட்டைப் பார்க்க. நுனி படியைப் பார்க்க.

கழற்றியவர்கள் வெளியே இல்லை.

பிடரியில் வெதுவெதுப்பாக ஒரு மூச்சு. பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று.

வேலுத்தாய் திரும்பவில்லை. நிலையை இறுகப் பிடித்தாள்.

"இது கம்பெனி ஷெட்டு இல்ல" என்றாள். குரல் எவ்வளவு உரக்க வந்தது என்று அவளுக்குத் தெரியாது. "என் வீடு. உக்காரணுமா, உக்காருங்க. என்னையக் கூப்பிடுற சோலி மட்டும் வேணாம்."

மூச்சு நின்றது.

அப்போதுதான் கண்ணில் பட்டது. மூன்றுக்கும் அப்பால், சுவரோரம், நாலாவது ஜோடி. ஓரம் கருகிச் சுருண்டிருந்தது. வாரில் தையல். நீல நூல்.

அதுவும் குதிகால் வீட்டைப் பார்க்க.

காலைத் தூக்கி ஓங்கி எத்தினாள். அசையவில்லை. மறுபடி எத்தினாள். ரப்பர் உருகித் தரையோடு ஒட்டியிருந்தது, இன்னும் மெல்லப் புகைந்துகொண்டு.