சுண்ணாம்புக் கோடு

மேசைமேல் இருந்த கட்டட மாடலில், காலையில் படிகளின் நடுவே ஒட்டிவிட்டுப் போன அட்டை மனுஷி, பெரியவள் சாப்பிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது கொஞ்சம் கீழே இறங்கியிருந்தாள்.

பெரியவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பசை சரியாகக் காய்ந்திருக்காது. தெருவில் லாரி போனால் இந்த அலுவலகமே ஒரு குலுக்கு குலுங்கும், அதில் நகர்ந்திருக்கும். இடுக்கியால் மனுஷியின் தோளைப் பிடித்துத் தூக்கினாள். பழைய படியிலேயே நிறுத்துவதற்கு முன்னால், பசை ஒழுங்காக இருக்கிறதா என்று அடியைத் திருப்பிப் பார்த்தாள். கால்பக்கம் ஊறிப்போயிருந்தது. அந்த அறையில் குழாய் கிடையாது, கூரையில் ஒழுக்கு கிடையாது, தண்ணீர் பாட்டில்கூட மேசைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம். மூக்கருகே கொண்டுபோனாள். பசை வாடைக்குப் பதிலாகச் சேற்று வாடை அடித்தது.

"என்னக்கா, பொம்மையை மோந்து பாக்கற?" என்றபடி சின்னவள் உள்ளே வந்தாள்.

"ஒண்ணுமில்ல. பசை நல்லா இல்ல."

சின்னவள் வழக்கம்போல மேசைமேல் கவிழ்ந்து மாடலைப் பார்த்தாள். பார்க்கும்போதே அவள் முகம் மலர்ந்தது, அதைக் கண்டு பெரியவளின் வயிறு எரிந்தது. மாடலை வெட்டியவள் பெரியவள், ஒட்டியவள் பெரியவள், பிளேடு வழுக்கி ஆள்காட்டி விரலைக் கிழித்துக்கொண்டு பிளாஸ்திரி போட்டுக்கொண்டவளும் பெரியவள்தான். ஆனால் யோசனை சின்னவளுடையது.

ஆற்றங்கரையில் பல வருடமாகப் பாழடைந்து கிடந்தது பழைய ஐஸ் ஃபேக்டரி. அந்த இடத்தை என்ன செய்யலாம், யோசனை உள்ளவர்கள் சொல்லலாம் என்று நகராட்சி கேட்டது. அக்காவும் தங்கையும் ஒரே அலுவலகத்திலிருந்து ஆளுக்கொரு யோசனை கொடுத்தார்கள். பெரியவளுடையது முழுமையான திட்டம். ஃபேக்டரியை இடித்துத் தரைமட்டமாக்கி, கரையை உயர்த்தி, கூரை போட்ட சந்தை, மாடியில் உணவகம், கார் நிறுத்தும் இடம். சின்னவளோ இடிந்த சுவர்களை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே மரம் வைத்து, கரையைச் சரித்து ஆற்றுத் தண்ணீர்வரைக்கும் அகலமான படிகள் போட்டிருந்தாள். ஜனங்கள் வந்து உட்காரலாமாம். உட்காருவதற்கு ஒரு இடம்! இதற்கு ஒரு ஆர்க்கிடெக்ட் வேறு வேண்டுமா என்று பெரியவள் மனதுக்குள் சிரித்துக்கொண்டாள்.

சிரிப்பு மண்டபத்தில் நின்றுபோனது. வரைபடங்களைப் பார்க்க வந்த கூட்டம் சின்னவளின் படத்தின் முன்னால்தான் மொய்த்தது. முன்பு அந்த ஃபேக்டரியில் வேலை பார்த்த ஒருவர் படிகளை விரலால் தொட்டுப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் தேர்வானதும் சின்னவளின் யோசனைதான். நகராட்சித் தலைவர் பெரியவளின் சந்தையை மரியாதைக்கு ஒரு பார்வை பார்த்துவிட்டு, "டாய்லெட் எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார். படத்தில் எங்கே என்று கேட்கிறார் என நினைத்து அவளும் சுட்டிக்காட்டினாள். அவர் கேட்டது மண்டபத்தில். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், சின்னவளும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை மட்டும் அவளால் இன்னும் விழுங்க முடியவில்லை.

"அக்கா, இந்தப் படியில மேல ஒரு ஆளை வையேன். கீழ இருக்கறது நான், மேல நிக்கறது நீ. நாம கோடு போடுவோமே, அந்த மாதிரி." சின்னவள் சொன்னாள்.

கோடு போடுவது அவர்களுடைய பழைய ஏற்பாடு. புது இடத்தில் வேலை தொடங்கும்போது சின்னவள் டப்பாவில் சுண்ணாம்புத் தூளை எடுத்துக்கொண்டு, குனிந்து கோடு இழுத்தபடி பின்பக்கமாகவே நடப்பாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்க மாட்டாள். மேலே நின்று பெரியவள் சொல்வாள்: இடது, கொஞ்சம் வலது, நில்லு. கல் இருந்தாலும் பள்ளம் இருந்தாலும் பெரியவள் குரல் கொடுத்துவிடுவாள். "எனக்கு முதுகுல கண்ணு இருக்கு, அதுக்குப் பேரு அக்கா" என்று சின்னவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவாள்.

பெரியவள் ஒரு அட்டை உருவத்தை எடுத்தாள். அவள் வெட்டும் மனிதர்களுக்குக் கை கால் உண்டு, முகம் கிடையாது. முகம் வைத்தால் பார்ப்பவர்கள் கட்டடத்தை விட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள். முதல் படியில் பசையைத் தாராளமாக விட்டு அந்த உருவத்தை அழுத்தி நிறுத்தினாள்.

"நீ வெட்டிக் குடுக்கலன்னா என் ஐடியா வெறும் கிறுக்கல்தான்க்கா," என்றாள் சின்னவள். அவள் மனசாரத்தான் சொன்னாள். பெரியவள் காதில் அது பிச்சை போடுவதுபோல விழுந்தது. "நீயும் வர்றியா? வெளிச்சம் போறதுக்குள்ள படிக்குக் கோடு போட்டுடலாம். நாளைக்குத் தலைவர் வந்து பாக்கறாராம்."

"எனக்கு இங்க வேலை இருக்கு."

"சரி, நானே போட்டுக்கறேன்."

அந்த இடத்தில்தான் பெரியவள் சொல்லியிருக்க வேண்டும். சின்னவள் செருப்பை மாட்டினாள், சுண்ணாம்பு டப்பாவைத் தேடினாள், குடை எடுப்பதா வேண்டாமா என்று வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள். சொல்வதற்கு எவ்வளவோ நேரம் இருந்தது. பெரியவள் பிளேடைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஃபேக்டரியின் பின்பக்கம், கரை சரிகிற இடத்தில், ஒரு கிணறு இருந்தது. ஐஸ் போடுவதற்கு ஆற்றுத் தண்ணீரை இழுத்த பழைய கிணறு. மேலே பலகை போட்டு மூடியிருந்தார்கள். பலகை மக்கி, அதன்மேல் வண்டல் படிந்து, புல் முளைத்து, பார்வைக்கு வெறும் தரை. இடத்தை அளந்த அன்று சின்னவளுக்குக் காய்ச்சல், பெரியவள் மட்டும்தான் போயிருந்தாள். மண்ணில் குத்திய இரும்புக் கம்பி சட்டென்று இறங்கி, கையைவிட்டு நழுவி உள்ளே போய்விட்டது. விழுந்த சத்தம் கேட்கும் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை.

கிணறு என்றால் நகராட்சி பயந்துபோய் இடத்தையே கைகழுவிவிடும் என்று அப்போது அதை வரைபடத்தில் குறிக்காமல் விட்டாள். சின்னவளின் படிகள் சரியாக அதன் மேலேதான் இறங்கின என்று பிறகு தெரிந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. தோண்டும்போது தெரியட்டும், ஊரே பார்க்க அவள் திருதிருவென்று முழிக்கட்டும். அவ்வளவுதான் நினைத்தாள். வேறெதுவும் நினைக்கவில்லை என்று தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். மாடலில் தரையைச் செய்யும்போது, அட்டைக்கு மேல் அட்டையாகச் சரிவை அடுக்கி, அந்த இடத்தின்மேல் ஒரு முழு அட்டையைப் போட்டு மூடி, விளிம்பை நகத்தால் தேய்த்து விட்டாள். வேலை அவ்வளவு சுத்தம்.

சின்னவள் போன பிறகு அறை அமைதியானது. வெளியே மேகம் கவிந்திருந்ததால் சாயங்காலத்துக்கு முன்பே டியூப் லைட் போட வேண்டியிருந்தது. அது ஒருமுறை கண்சிமிட்டிவிட்டு எரிந்தது. ஆற்றுக்காக ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளின்மேல் அதன் வெளிச்சம் நீளமாகக் கிடந்தது. தெருவில் யாரோ கடைக் கதவை இழுத்துச் சாத்தினார்கள், ஒரு ஸ்கூட்டர் இருமி இருமிக் கிளம்பிப் போனது, அதற்கப்புறம் அவள் காதில் விழுந்தது ஒரே ஒரு சத்தம், மேசைக்கு அடியிலிருந்து, நிதானமாக, ஆழமான எதற்குள்ளோ தண்ணீர் சொட்டும் சத்தம்.

குனிந்து பார்த்தாள். மேசைக்கு அடியில் தரை காய்ந்துகிடந்தது.

நிமிர்ந்தபோது அட்டை மனுஷி மறுபடி கீழே இறங்கியிருந்தாள். மேல்படியில் நின்ற உருவத்தை நோக்கி நின்றபடியே. அதாவது பின்பக்கமாக.

பெரியவள் மேசைமேல் குனிந்தாள். மூடி ஒட்டிய அந்த இடம் லேசாக உப்பியிருந்தது. பிளாஸ்திரி விரலால் அழுத்தினாள். அட்டை மெத்தென்று உள்வாங்கி, மெல்ல மேலே வந்தது. அடியிலிருந்து எதுவோ திருப்பி அழுத்தியது. விரலை எடுத்தாள். பிளாஸ்திரி நனைந்திருந்தது.

போன் அடித்தது. அம்மா.

"பேப்பர் பாத்தியாடி? சின்னவ போட்டோ எவ்ளோ பெருசா போட்டிருக்கான்! பக்கத்து வீட்டுலல்லாம் வந்து கேக்கறாங்க."

"பாத்தேம்மா."

"நீயும் இருக்க. பின்னாடி. பாதி மூஞ்சி தெரியுது."

"சரிம்மா."

"அவளுக்குக் கூடமாட இரு. சின்னப் பொண்ணு, விவரம் பத்தாது. அவளுக்குன்னு வர்றது நல்லபடியா வரட்டும்."

போனை வைத்தாள். அவளுக்குன்னு வருவது. எப்போதும் அவளுக்குத்தான் வந்தது. பெரியவள் படித்துப் படித்து வாங்கிய மார்க்கை அவள் விளையாட்டுப்போல வாங்கினாள். பெரியவள் வீடு வீடாக ஏறி இறங்கிப் பிடித்த வாடிக்கையாளர்கள் இப்போது கதவைத் திறந்ததும் "தங்கச்சி இல்லையா?" என்று கேட்கிறார்கள். பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அது பொறாமைதான், நெஞ்சு முழுக்க, கசப்பாக.

இடுக்கியை எடுத்தாள். அட்டை மனுஷியின் தோளைப் பிடித்தாள். இந்த முறை மேலே கொண்டுபோகவில்லை. கீழே கொண்டுபோனாள். உப்பிய இடத்தின் நட்டநடுவில் நிறுத்தினாள்.

சும்மா. எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான்.

அட்டை ஒரு நூல் இறங்கியது. அடியில் சொட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அது நின்றதுதான் அவளைப் பயமுறுத்தியது. எதுவோ அண்ணாந்து பார்த்துக் காத்திருப்பதாகத் தோன்றியது. பதறிப்போய் மனுஷியைத் தூக்கப் பார்த்தாள். வரவில்லை. பசையே போடவில்லை, ஆனால் வரவில்லை. இடுக்கி வழுக்கியது. மறுபடி வழுக்கியது. அட்டை இன்னொரு நூல் இறங்கியது.

சின்னவளுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

ஓடினாள்.

செருப்பைப் போட்டாளா, கதவைப் பூட்டினாளா, தெரியாது. கடைத்தெருவில் இடித்த ஆள் திட்டியது காதில் ஏறவில்லை. சொல்லிவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது, கிணறு இருக்குடி என்று இரண்டே வார்த்தை. திட்டட்டும், ஊரெல்லாம் சொல்லட்டும், முகத்தில் காறித் துப்பட்டும், பரவாயில்லை. இடிந்த மதிலின் ஓட்டை வழியாக நுழைந்தாள். முள் கிழித்தது. ஃபேக்டரியைச் சுற்றிக்கொண்டு கரையின் உச்சிக்கு வந்து நின்றாள்.

சின்னவள் இருந்தாள். உயிரோடு. சரிவின் பாதியில், குனிந்து, டப்பாவிலிருந்து வெள்ளைக் கோடு வழிய, பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தாள். பெரியவளைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டியா! எனக்குத் தெரியும்க்கா, நீ வருவேன்னு."

பெரியவள் கீழே இறங்க ஒரு அடி எடுத்துவைத்தாள்.

கால் வரவில்லை.

மறுகாலும் வரவில்லை. குனிந்து பார்த்தாள். பாதத்தைச் சுற்றிப் பளபளவென்று ஏதோ காய்ந்திருந்தது. காற்றில் சேற்று வாடை இல்லை, புல் வாடை இல்லை. பசை வாடை. ஆறு ஓடவில்லை. அசையாமல், சுருக்கமில்லாமல், ஒரு நீள வெளிச்சத்தை மேலே ஏந்திக் கிடந்தது. மாலை நேரத்துக்கு ஒவ்வாத வெள்ளை வெளிச்சம். அது ஒருமுறை கண்சிமிட்டியது.

"சொல்லுக்கா. நேரா இருக்கா?"

நில்லு. அந்த ஒரு சொல்தான். பெரியவள் மூச்சை இழுத்தாள். கத்தினாள்.

சத்தம் வரவில்லை.

கையை முகத்துக்குக் கொண்டுபோனாள். தடவினாள். வாய் இருக்க வேண்டிய இடத்தில் வாய் இல்லை. மூக்கு இல்லை. நெற்றியிலிருந்து தாடைவரை வழவழவென்று, சுத்தமாக வெட்டிய அட்டை.

"அக்கா? இன்னும் பின்னால போலாமா?"

சின்னவள் ஒரு கணம் தாமதித்தாள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அக்கா ஒன்றும் சொல்லவில்லை என்றால் பின்னால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். சிரித்துக்கொண்டே குனிந்தாள். கோடு நீண்டது. ஒரு அடி. இன்னொரு அடி. அவள் முதுகுக்குப் பின்னால் புல் லேசாக உப்பி, அடங்கியது.

அப்போது கரை முழுவதும் நிழல் விழுந்தது.

பெரியவள் அண்ணாந்து பார்த்தாள். மேகத்துக்குக் கீழே ஒரு கை இறங்கி வந்துகொண்டிருந்தது. நிதானமாக, ஒரு நடுக்கமும் இல்லாமல், கோணல் இல்லாமல் வெட்டிப் பழகிய கை. இடுக்கியின் இரண்டு நுனிகளும் சின்னவளின் தோளை நோக்கித் திறந்திருந்தன. ஆள்காட்டி விரலில், நனைந்த பிளாஸ்திரி.